பதினான்காம் கேள்வி

ஜூன் 3

சம்பந்திக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்கத்தான் நினைத்தேன். நான் நலமாக இல்லை. உங்கள் நலத்தை அறிய இப்போதைக்கு ஆவலும் இல்லை. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று மத்தியானம் ஒரு நோட்டீஸ் வந்தது. ஜூலை இரண்டாம் தேதிக்குள் நாங்கள் இந்த வீட்டைக் காலி செய்ய வேண்டுமாம். இல்லாவிட்டால் பூட்டி சீல் வைப்பார்களாம். அடியில் இரண்டு கையெழுத்து. ஒன்று கட்டடப் பாதுகாப்புப் பிரிவு அதிகாரியுடையது. அவர் யாரென்று எனக்குத் தெரியாது. இன்னொன்று வீட்டுப் பழுதுக் கடன் திட்டத்தின் தலைமை அலுவலருடையது. அவரை நன்றாகத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் தன் ஒரே மகளை என் மகனுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டு, "இனிமே இது உங்க வீட்டுப் பொண்ணு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டவர். அந்தப் பெண்ணையும் சேர்த்துத்தான் வெளியே போகச் சொல்லியிருக்கிறீர்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். இந்தத் திட்டத்தின் லட்சணம் உங்களுக்குத் தெரியும். போன வருஷம் ஏப்ரலில், உங்கள் அலுவலகம் அனுப்பிய மேஸ்திரி எங்கள் பின்னறைக் கூரையை உடைத்தான். காரையெல்லாம் கொட்டி, கம்பி எலும்பு மாதிரி தெரிகிற அளவுக்கு உடைத்துவிட்டு, "நாளைக்கு வர்றேம்மா" என்று போனான். பதினாலு மாதமாகிறது. எங்கள் தெருவில் அவனுக்கு நாளைக்கு மேஸ்திரி என்றே பெயர். கூரைக்குப் பதில் தார்ப்பாய் தொங்குகிறது. கடன் தவணை மட்டும் ஒரு மாதம்கூடத் தவறாமல் பிடிக்கப்படுகிறது.

ஜனவரியில் நீங்கள் பொறுப்புக்கு வந்தீர்கள். திட்டத்தைச் சுத்தம் செய்யப்போகிறேன் என்று பேப்பரில் சொன்னீர்கள். புது விண்ணப்பம் வந்தது. "மக்கள் உண்மையை எழுதினால் போதும்" என்றும் சொன்னீர்கள். எழுதினேன். பதினான்காம் கேள்வி: "வீடு தற்போது குடியிருக்கத் தகுந்ததா? ஆம் / இல்லை." பின்னறையைப் போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்து "இல்லை" என்பதில் டிக் அடித்தேன். உண்மைக்குக் கிடைத்த பரிசுதான் இந்த நோட்டீஸ்.

போனில் சொல்லாமல் பதிவுத் தபாலில் ஏன் எழுதுகிறேன் என்று யோசிப்பீர்கள். போனில் பேசுகிறவர்களை நம்பி ஒரு தடவை பட்டுவிட்டேன். உங்கள் மகளிடம் சொல்லி அனுப்பலாம் என்றால், "ரெண்டு பேருக்கும் நடுவுல நான் தபால்காரி இல்ல அத்தை" என்று மருந்துக்கடைக்குக் கிளம்பிப் போய்விட்டாள்.

நாங்கள் காலி செய்யப் போவதில்லை. இதைத் தெரிவிக்கத்தான் இந்தக் கடிதம்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி


ஜூன் 8

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. அலுவலகத்தில் எல்லோர் முன்னாலும் பிரித்துவிட்டேன். பதிவுத் தபால் என்றதும் வழக்கு என்று நினைத்தேன்.

தங்கள் வருத்தம் நியாயமானது. ஆயினும் சில விஷயங்களைத் தெரிவிக்கக் கடமைப்பட்டுள்ளேன். நான் வந்தபோது இந்தத் திட்டம் எப்படி இருந்தது என்பதைத் தாங்கள் வெளியிலிருந்து பார்த்தீர்கள். நான் உள்ளிருந்து பார்த்தேன். நல்ல வீட்டுக்காரர்கள் மாடியில் இன்னொரு மாடி கட்ட இந்தக் கடனை வாங்கியிருக்கிறார்கள். ஒழுகுகிற வீட்டுக்காரர்கள் வரிசையிலேயே நிற்கிறார்கள். நிஜமாகவே இருக்க முடியாத வீட்டை எப்படிப் பிரித்து எடுப்பது? அதற்காகத்தான் பதினான்காம் கேள்வியைச் சேர்த்தேன். "இல்லை" என்று வருகிற வீடுகளுக்கு முதலில் கடன் என்பதே திட்டம்.

இடையில் கட்டடப் பாதுகாப்புப் பிரிவின் கம்ப்யூட்டரையும் எங்களுடையதையும் இணைத்தோம். சொல்லப்போனால் நான்தான் இணைக்க வைத்தேன், அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. ஒரு வீடு குடியிருக்கத் தகுதியற்றது என்று எழுத்தில் பதிவானால், அங்கிருப்பவர்களை வெளியேற்ற வேண்டும் என்பது அவர்களுடைய சட்டம். விண்ணப்பம் எங்களிடம் வந்த மறுநாளே நோட்டீஸ் தானாக அச்சாகிவிடுகிறது. என் கையெழுத்தும் தானாகவே விழுகிறது. தங்கள் வீட்டு நோட்டீஸை நான் பார்க்கவில்லை. பார்க்காமல் கையெழுத்துப் போட்டது தவறுதான்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. அந்த விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவதாக ஒரு வரி எழுதிக் கொடுங்கள். புதிய விண்ணப்பத்தில் பதினான்காம் கேள்விக்கு "ஆம்" என்று குறியுங்கள். நோட்டீஸ் ரத்தாகிவிடும். பிறகு கடன் விஷயத்தை நான் கவனித்துக்கொள்கிறேன். இதை வெளியில் பேச வேண்டாம்.

அதுவரை என் மகளையும் மாப்பிள்ளையையும், தங்களையும்தான், இங்கே வந்து இருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். மாடியறை காலியாகத்தான் இருக்கிறது.

அன்புடன்,
தங்கள் சம்பந்தி


ஜூன் 12

சம்பந்திக்கு,

நன்றாக இருக்கிறது. உண்மையை எழுது என்று பேப்பரில் சொல்கிறீர்கள். பொய்யை எழுது என்று கடிதத்தில் சொல்கிறீர்கள். எதை எந்தப் பெட்டியில் போடுவது என்று எனக்குக் குழப்பமாகிவிட்டது.

உங்கள் கடிதம் வந்த அன்று சாயங்காலமே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தெருவில் கிளம்பினேன். எங்கள் தெருவில் மட்டும் நாளைக்கு மேஸ்திரி உடைத்துப்போட்ட வீடு இருபத்தாறு. எல்லோரும் புது விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள். "இல்லை" என்று எழுதியவர்கள், என்னையும் சேர்த்து, ஒன்பது பேர். ஒன்பது பேருக்கும் நோட்டீஸ். "ஆம்" என்று எழுதியவர்கள் பதினாலு பேர். அவர்களுக்கு நோட்டீஸ் இல்லை; கடனும் இல்லை. "வீடு தகுதியாக இருப்பதால் பழுது நீக்கம் அவசியமில்லை" என்று ஒரே ஒரு வரி வந்திருக்கிறது. பக்கத்து வீட்டு டீச்சர் அதைப் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். அவர்கள் வீட்டுக் குளியலறைச் சுவர் வெளிப்பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. மிச்சம் மூன்று பேர் வம்பே வேண்டாம் என்று கேள்வியைக் காலியாக விட்டார்கள். அவர்களுக்கு "முழுமையற்ற விண்ணப்பம்".

ஆம் என்றால் கடன் கிடையாது. இல்லை என்றால் வீடு கிடையாது. சும்மா இருந்தால் விண்ணப்பமே கிடையாது. இதில் நான் மட்டும் "ஆம்" என்று எழுதி, என் சம்பந்தி பார்த்துக்கொள்வார் என்று உட்கார்ந்திருக்க வேண்டுமா? மற்ற இருபத்தைந்து பேருக்கு யார் சம்பந்தி?

முப்பத்தொரு வருஷம் அச்சகத்தில் ப்ரூஃப் பார்த்தவள் நான். வேலையை விட்டாலும் கண் விடவில்லை. உங்கள் கேள்வியில் பிழை இருக்கிறது. அது "வீடு" என்கிற சொல்லில் இருக்கிறது. என் வீடு இடியவில்லை. பின்னறை இடிந்திருக்கிறது. முன்னறை, சமையலறை, மாடிப்படி எல்லாம் கல் மாதிரி நிற்கிறது. டீச்சர் வீட்டில் குளியலறை. எதிர் வீட்டில் படிக்கட்டு. ஒரு அறையைப் பற்றிக் கேட்க வேண்டிய இடத்தில் வீட்டைப் பற்றிக் கேட்டால், மனுஷன் எதை எழுதினாலும் அது பொய்யாகத்தான் போகும். உங்கள் விண்ணப்பத்தையே இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சிவப்பு மையில் திருத்தியிருக்கிறேன். பதினான்காம் கேள்வி இப்படி இருக்க வேண்டும்: "எந்த அறையில் இருக்க முடியவில்லை? என்ன செய்தால் இருக்கலாம்?"

மாடியறைக்கு நன்றி. உங்கள் மகளிடம் கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எங்கப்பா வீட்டு மாடியறை எங்கயும் ஓடிப் போயிடாது. இங்க ஒரு நாள் பூட்டு போட்டாங்கன்னா அப்புறம் தொறக்கவே மாட்டாங்க. வாளி நகர்த்தக் கத்துக்கிட்டேன் அத்தை, பெட்டி கட்ட வராது எனக்கு."

வளர்த்த விதம் அப்படி. குறை சொல்வதற்கில்லை.

இப்படிக்கு,
சம்பந்தி


ஜூன் 17

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

தங்கள் சிவப்பு மையை என் அலுவலகம் முழுவதும் பார்த்துவிட்டது. தட்டச்சுப் பிரிவில் இருக்கும் அம்மா அதை நகல் எடுத்துத் தன் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார். என்னைக் கண்டால் சிரிப்பை அடக்கிக்கொள்கிறார்கள்.

தங்கள் கடிதம் என்னைச் சுட்டது. அதனால்தான் தங்கள் வீட்டுப் பழைய ஃபைலை வரவழைத்துப் படித்தேன். படிக்காமல் இருந்திருக்கலாம்.

நாளைக்கு மேஸ்திரிக்கு முழுப்பணமும் எப்படிப் போயிற்று என்று தாங்கள் ஒரு கடிதத்திலும் எழுதவில்லை. வேலை முடிந்தபின் வீட்டுக்காரர் "திருப்திச் சான்று" கொடுத்தால்தான் பணம் போகும் என்பது பழைய விதி. தங்கள் ஃபைலில் அந்தச் சான்று இருக்கிறது. "மேற்படி வேலை முழுமையாக முடிந்தது. எனக்கு முழுத் திருப்தி." கீழே தங்கள் கையெழுத்து. தேதி மார்ச் 28. கூரையை அவன் உடைத்ததே ஏப்ரலில் என்று தாங்களே எழுதியிருக்கிறீர்கள்.

உடைக்காத கூரைக்கு, கட்டாத கூரைக்கு, முழுத் திருப்தி என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். முப்பத்தொரு வருஷம் ப்ரூஃப் பார்த்தவர்! நான் "ஆம்" என்று எழுதச் சொன்னது பொய் என்றால், இது என்ன? என் கேள்வியில் பிழை கண்டுபிடித்தீர்கள், சரி. இந்தச் சான்றில் ஒரு எழுத்தாவது படித்தீர்களா?

கோபத்தில் எழுதுகிறேன், மன்னிக்கவும். ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். இந்தச் சான்றுகள் இருக்கிறவரை அந்த மேஸ்திரி மீதும், அவனுக்கு உடந்தையாக இருந்த எங்கள் அலுவலக ஆய்வாளர் மீதும் என்னால் கை வைக்க முடியாது. "வீட்டுக்காரங்களே திருப்தின்னு எழுதிக் குடுத்திருக்காங்க சார், அப்புறம் என்ன?" என்று அந்த ஆய்வாளர் என் எதிரில் நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்கிறான்.

தங்கள்,
சம்பந்தி


ஜூன் 22

சம்பந்திக்கு,

ஐந்து நாளாக இதை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆமாம். நான்தான் போட்டேன். படித்துவிட்டுத்தான் போட்டேன். அதுதான் கேவலம். படிக்காமல் போட்டிருந்தால் ஏமாந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

அந்த ஆய்வாளர் போனில் கூப்பிட்டார். "அம்மா, சான்றுல கையெழுத்து இருந்தாத்தான் சிமெண்டே லோடு ஏறும். சும்மா ஒரு சம்பிரதாயம். எல்லாரும் போட்டாச்சு, உங்க ஒருத்தரால தெரு பூரா நிக்குது" என்றார். தெருவில் எல்லோரிடமும் இதையே சொல்லியிருக்கிறார் என்று இந்த வாரம்தான் தெரிந்தது. மேஸ்திரி அந்தத் தாளைக் கொண்டுவந்து மோட்டார் சைக்கிள் சீட்டில் வைத்து நீட்டினான். "முழுமையாக முடிந்தது" என்ற வரியைப் பார்த்தேன். பேனாவை மூடினேன். பிறகு திறந்தேன். அச்சகத்தில் நூலாசிரியர் கொடுத்தாலும், முதலாளியே கொடுத்தாலும், தப்பான வரிக்கு நான் ஒரு நாளும் "சரி" என்று எழுதியதில்லை. என் சொந்தக் கூரைக்கு எழுதினேன். இதை என் மகனிடம்கூடச் சொல்லவில்லை. உங்கள் மகளுக்குத் தெரியாது. பதினாலு மாதமாக அந்தத் தார்ப்பாயைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மழையைவிட அந்தக் கையெழுத்துத்தான் நினைவுக்கு வரும். போன வருஷம் நீங்கள் வந்தபோது, "முன்னாடியே சொல்லியிருந்தா பார்த்திருக்கலாமே" என்றீர்கள். நான் வெடுக்கென்று பேசிவிட்டு உள்ளே போனேனே, அது கோபம் இல்லை. வெட்கம்.

சரி, வெட்கப்பட்டது போதும். நேற்று டீச்சர் வீட்டில் இருபத்தாறு பேரும் உட்கார்ந்தோம். நானே எழுந்து நின்று சொன்னேன். வேலை ஆரம்பிக்கும் முன்பே நான் பொய்ச் சான்று கொடுத்தேன் என்று சொன்னேன். பிறகு டீச்சர், "நானுந்தான்" என்றார். எதிர் வீட்டுக்காரர், நாங்கள் ரேடியோ என்று கூப்பிடுவோம், அவர் மெதுவாகப் பேசி நேற்றுத்தான் கேட்டேன், "என் பொண்டாட்டி கையெழுத்தை நானே போட்டேன்" என்றார். இருபத்தாறு பேரும் போட்டிருக்கிறோம், சம்பந்தி. ஒவ்வொருவரும் தான் மட்டுந்தான் முட்டாள் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்தோம். அந்த ஆய்வாளர் பிழைத்ததே எங்கள் வெட்கத்தில்தான்.

இத்துடன் இருபத்தாறு வாக்குமூலம் இருக்கிறது. எப்போது போட்டோம், யார் கேட்டார், என்ன சொன்னார், எல்லாம். பிழை பார்த்துவிட்டேன். பொய்ச் சான்றுக்கு எங்கள் மீது வழக்குப் போடலாம் என்று ரேடியோவின் மருமகன் சொன்னார். போடட்டும்.

ஒரு வேண்டுகோள். இதைச் சம்பந்தி கடிதமாகப் படித்து மேஜை டிராயரில் வைக்காதீர்கள். "பெறப்பட்டது" முத்திரை குத்தி, எண் போட்டு, ஃபைலில் வையுங்கள்.

இன்னொன்று. என்னை "ஆம்" என்று எழுதச் சொன்ன உங்கள் ஜூன் எட்டாம் தேதிக் கடிதத்தையும் இதோடு வைத்திருக்கிறேன். நகல் எடுக்கவில்லை. அது உங்கள் கடிதம், கிழிப்பதானாலும் கிழியுங்கள். நான் யாரிடமும் பேச மாட்டேன். உங்களை மிரட்டி என் வீட்டைக் காப்பாற்றிக்கொண்டேன் என்று நாளைக்கு நானே நினைக்கக்கூடாது.

சம்பந்தி


ஜூன் 28

சம்பந்தியம்மா,

சுருக்கமாக எழுதுகிறேன். வெளியில் மூன்று பேர் காத்திருக்கிறார்கள். மூன்று பேருக்கும் என் மேல் கோபம்.

தங்கள் கடிதத்துக்கு முத்திரை குத்தியாயிற்று. எண் 2216. வாக்குமூலங்கள் 2217 முதல் 2242 வரை. என்னுடைய ஜூன் எட்டாம் தேதிக் கடிதம் 2243. அதையும் குத்தினேன். முத்திரை குத்துகிற உதவியாளர் அதைப் படித்துவிட்டு, "சார், இது வேண்டாமே" என்றார். "குத்துப்பா" என்றேன்.

நேற்று ஒரு உத்தரவு போட்டேன். பதினான்காம் கேள்வி நீக்கப்படுகிறது. தங்கள் சிவப்பு மைக் கேள்வி அந்த இடத்தில் வருகிறது, சொல் மாறாமல். அந்தப் பழைய கேள்வியால் நகரம் முழுக்க நோட்டீஸ் வாங்கிய முந்நூற்று நாற்பத்தேழு வீடுகளுக்கும் நோட்டீஸ் நிறுத்திவைக்கப்படுகிறது. இனிமேல் ஆபத்தான அறையை மட்டும் பூட்டலாம், வீட்டைப் பூட்டக்கூடாது. திருப்திச் சான்று ஒழிந்தது. வேலை நடக்க நடக்க, நேரில் பார்த்து, பகுதி பகுதியாகத்தான் இனி மேஸ்திரிக்குப் பணம். அந்த ஆய்வாளரின் நாற்காலி இன்று காலியாக இருக்கிறது.

நிறுத்திவைக்கும் அதிகாரம் எனக்கு உண்டா என்று கேட்டால், இல்லை என்றுதான் சட்டப் பிரிவு சொல்கிறது. கட்டடப் பாதுகாப்புப் பிரிவு என் உத்தரவை ஏற்குமா என்பதும் தெரியவில்லை. ஜூலை இரண்டாம் தேதி அவர்கள் வரக்கூடும். வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்கப் பயமாக இருக்கிறது.

சம்பந்தி


ஜூலை 3

சம்பந்திக்கு,

வந்தார்கள்.

நேற்று காலை பத்து மணிக்கு இரண்டு அதிகாரிகளும் பூட்டு, அரக்கு, சீலோடு இரண்டு ஆட்களும் வந்தார்கள். தெருவில் ஒன்பது வீட்டு நோட்டீஸும் கையில். முதல் வீடு என்னுடையது. நீங்கள் கேட்கப் பயந்ததை நானே சொல்கிறேன்: ஒன்றும் செய்யவில்லை. வீட்டில் இருந்தோம். இருபத்தாறு வீட்டிலும் கதவைத் திறந்து போட்டுவிட்டு அவரவர் வீட்டில் அவரவர் இருந்தோம். உங்கள் மகள் மருந்துக்கடையிலிருந்து வெள்ளைக் கோட்டோடு ஓடிவந்து, வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

பெரிய அதிகாரி நல்ல மனுஷன்தான். பொறுமையாகத்தான் கேட்டார். "அம்மா, இது இடிஞ்சு விழுந்தா யாரு பொறுப்பு?"

"பதினாலு மாசமா யாரு பொறுப்போ அவங்கதான் சார்" என்றேன்.

"சட்டம்மா இது. நான் என்ன பண்ண முடியும்?"

"அப்ப நோட்டீஸைப் படிங்க. சத்தமாப் படிங்க. எந்த ரூம் இடிஞ்சிருக்குன்னு அதுல எங்க எழுதியிருக்கு, காட்டுங்க."

படித்தார். முழுக்கப் படித்தார். எழுதவில்லை. பின்னறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். கம்பியை அண்ணாந்து பார்த்தார். பிறகு முன்னறைக்கு வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். தட்டிக்கொண்டே இருந்தார், பாவம். "சார், வீடு பூராவும் தட்டுங்க, ராத்திரிக்குள்ள முடிச்சிடலாம்" என்றாள் உங்கள் மகள். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அப்போதுதான் அவருக்குப் போன் வந்தது. உங்கள் உத்தரவைப் பற்றி என்று பிறகு தெரிந்தது. அந்தப் பக்கம் யாரோ கத்தினார்கள், இவரும் கத்தினார். "உத்தரவு செல்லுமோ செல்லாதோ, எனக்குத் தெரியாது. ஆனா இந்த வீட்டுல ஒரு ரூம்தான் சார் மோசம். முழு வீடும் மோசம்னு என்னால எழுத முடியாது" என்றார். அதைச் சொல்லிவிட்டுத் தானே கொஞ்சம் ஆச்சரியப்பட்ட மாதிரி நின்றார். பின்னறைக் கதவுக்கு மட்டும் சீல் வைத்தார். மற்ற எட்டு வீட்டிலும் அப்படியே. சீல் வைத்ததற்குக் கையெழுத்துக் கேட்டார்கள். நான்கு பக்கம். நான் இரண்டு தடவை படித்தேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. மூன்று எழுத்துப் பிழை இருந்தது, திருத்திய பிறகுதான் போட்டேன். சின்ன அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பார்க்கட்டும்.

அவர்கள் போன பிறகு தெருவே சத்தமாக இருந்தது. நான் உள்ளே போனேன். தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டேன். தைரியமாகப் பேசினேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பயந்துகொண்டுதான் பேசினேன் என்பது உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

உங்கள் பக்கம் என்ன ஆயிற்று? உடனே எழுதுங்கள். போனில் என்றாலும் சரி.

சம்பந்தி


ஜூலை 20

சம்பந்தியம்மா,

போன் செய்ய இரண்டு தடவை எடுத்தேன். இதை எழுத்தில் சொல்வதுதான் முறை என்று வைத்துவிட்டேன்.

எனக்கு மெமோ வந்திருக்கிறது. இரண்டு குற்றச்சாட்டு. ஒன்று, விண்ணப்பதாரருக்குப் பொய்யான பதில் எழுத ஆலோசனை சொன்னது. சான்று: எண் 2243. இரண்டு, என் மகளின் மாமியார் வீட்டைக் காப்பாற்றுவதற்காகவே முந்நூற்று நாற்பத்தேழு நோட்டீஸையும் நிறுத்தினேன் என்பது. விசாரணை முடியும்வரை என்னைப் பிறப்பு இறப்புப் பதிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். இங்கே வேலை சுலபம். பிறந்தார், இறந்தார் என்ற இரண்டில் ஒன்றைத்தான் எழுத வேண்டும், யாரும் சண்டைக்கு வருவதில்லை.

முதல் குற்றச்சாட்டு உண்மை. ஒப்புக்கொண்டு எழுதிவிட்டேன்.

இரண்டாவதுதான் என்னைத் தூங்க விடவில்லை. அது நிலைத்துவிட்டால், சலுகைக்காகப் போட்ட உத்தரவு என்று சொல்லி அத்தனை நோட்டீஸையும் திரும்பக் கொடுத்துவிடுவார்கள். புதுக் கேள்வியும் போய்விடும். அதனால் பொறுப்பை ஒப்படைப்பதற்கு முந்தின நாள் கடைசியாக ஒரு உத்தரவில் கையெழுத்துப் போட்டேன். நோட்டீஸ் வராத வீடுகளையும் சேர்த்து, புதுக் கேள்விப்படி எந்த வீட்டுக்கு முதலில் வேலை என்ற வரிசைப் பட்டியல். தங்கள் பின்னறை, சேதத்தின் கணக்குப்படி, பதினோராவதாக வந்திருந்தது. அதை அடித்துவிட்டுப் பட்டியலின் கடைசி வரியில் எழுதினேன். "அலுவலரின் உறவினர் என்பதால் கடைசி" என்று காரணமும் எழுதினேன். தங்களிடம் கேட்கவில்லை. கேட்டால் தாங்கள் சரி என்றாலும் அது ஏற்பாடு என்பார்கள். வேண்டாம் என்றால் என்னால் போட்டிருக்க முடியாது.

இந்த மழைக்காலம் முழுக்க அந்தக் கூரை அப்படியேதான் இருக்கும். ஒருவேளை அடுத்ததும். என் மகள் இருக்கிற வீட்டுக்கு நானே இதைச் செய்தேன். தாங்கள் என்னோடு இனிப் பேசாவிட்டாலும் நான் குறை சொல்லமாட்டேன்.

சம்பந்தி


ஜூலை 26

சம்பந்திக்கு,

பட்டியல் வந்தது. கடைசிப் பக்கத்தில் கடைசி வரி. அச்சு தெளிவாக இருந்தது, பிழை ஒன்றும் இல்லை.

அன்று பூராவும் உங்களைத் திட்டினேன். ஒளிக்கப் போவதில்லை. பாத்திரம் கழுவும்போது திட்டினேன், துணி காயப்போடும்போது திட்டினேன். பதினோராவது இடத்தில் இருந்தவளைத் தூக்கி வாசலுக்கு வெளியே வைத்துவிட்டாரே என்று வயிறு எரிந்தது. என் மகன், "இவர் நியாயவானா இருக்கறதுக்கு நம்ம வீடுதான் கெடச்சுதா?" என்று குதித்தான். உங்கள் மகள் மட்டும் ஒன்றும் சொல்லாமல் பட்டியலை எடுத்து எண்ணிக்கொண்டிருந்தாள். எங்கள் தெருவிலிருந்து இருபத்தைந்து வீடு முதல் நூறுக்குள் இருக்கிறது. டீச்சர் வீடு நாலாவது. நேற்று அங்கே வேலை ஆரம்பித்துவிட்டது. மேஸ்திரி ஒரு வரிசைச் செங்கல் வைத்ததும் டீச்சர் போய்ப் பார்த்து, அதற்கு மட்டும் கையெழுத்துப் போட்டார். ஒரு வரிசைக்கு ஒரு வரிசை. மனுஷன் அசந்துபோய் நின்றான்.

அதைப் பார்த்துவிட்டு வந்த பிறகு திட்டுவது நின்றுவிட்டது. நானாக இருந்தாலும் அந்த இடத்தில்தான் என் வீட்டை எழுதியிருப்பேன். ஆனால் உங்களைப் போல அவ்வளவு சீக்கிரம் எழுதியிருக்க மாட்டேன்.

ஐந்தாம் தேதி விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். உங்கள் மகள் நேற்றுதான் வாயைத் திறந்தாள். "அத்தை, அப்பாவைப் பத்தி என்ன சொல்லப் போறீங்க?" என்றாள். நடந்ததைச் சொல்லப் போகிறேன் என்றேன். பொய் எழுதச் சொன்னாரா என்று கேட்டால், சொன்னார் என்பேன். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன், சம்பந்தி, உங்களுக்காகவும் மாட்டேன். ஒரு தடவை பொய்க்குக் கையெழுத்துப் போட்டவளுக்கு இன்னொன்று போடக் கை வராது. பிறகு அந்தக் கடிதத்துக்கு முத்திரை குத்தியது யார் என்று நான் கேட்பேன். உறவுக்காரிக்குச் சலுகை என்றால் பட்டியலின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள் என்பேன். கேட்காவிட்டாலும் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பேன். அவர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்களாம். போதாது.

வெளியில் மற்ற இருபத்தைந்து பேரும் இருப்பார்கள். ரேடியோவும் வருகிறார், அவருக்கு மைக் தேவையில்லை.

தீர்ப்பு எப்படி வந்தாலும் அன்று நீங்கள் இங்கே வந்துதான் போக வேண்டும். மாடியறை எங்களிடம் இல்லை, முன்னறையில் பாய் விரிக்கிறேன். நேற்றிலிருந்து மழை விடவில்லை. சீல் வைத்த கதவுக்குப் பின்னால் பின்னறை பூராவும் பெய்கிறது, சத்தம் கேட்கிறது. முன்னறையில் நாங்கள் இருக்கிறோம்.

உங்கள் சம்பந்தி